துரை வைத்த வேகம்

தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் சூசைரட்ணத்தின் வீட்டு முன்னறையில் நாலு பேர் தாராளமாக உட்காரலாம். ரேடியோவும் இசைத்தட்டுப் பெட்டியும் ஒன்றாய் அடங்கிய ரேடியோகிராம் வந்த பிறகு மூன்று பேர்தான் உட்கார முடிந்தது. நாலாவது ஆளின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. மற்ற மூவருக்குச் சேர வேண்டிய மரியாதையையும் அதுதான் வாங்கிக்கொண்டது.

எழுபத்தைந்தில் இலங்கையின் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, டயகமப் பக்கத்து அந்தத் தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டினார். தூக்கிக்கொண்டு போகக் கட்டுப்படியாகாதவற்றையெல்லாம் உத்தியோகத்தர்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார். மலை வேலையைப் பார்க்கும் கண்டாக்கு ஐயாவுக்கு ஒரு கிழட்டு நாய் கிடைத்தது. கிளாக்கருக்கு ரேடியோகிராமும் அதன் மேல் கிடந்த ஒரேயொரு பெரிய இசைத்தட்டும் கிடைத்தன. துரைக்கு இறங்கிய பாரம் கிளாக்கருக்கு ஏறிய பட்டமாயிற்று.

இசைத்தட்டின் அட்டையில், ஒரு குடைக்கு இரண்டு பக்கமும் ஒரு வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நனைந்துகொண்டிருந்தார்கள். சண்டை போட்டுக்கொண்டே காதலிக்கிற ஒரு சிரிப்புப் படத்தின் பாட்டுகள் என்று பின்பக்கம் எழுதியிருந்தது. அதே பின்பக்கத்தில் பியானோவுக்கு முன்னால் கறுத்துப் பருத்த ஒரு மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். பாடுகிற அம்மாவுக்கு அவர் பியானோ வாசிக்கிறவர் என்பது கிளாக்கரின் ஆராய்ச்சி முடிவு.

ஏனென்றால் அந்த ரேடியோகிராமில் பாடியது ஓர் அம்மாதான். மெல்லிய கீச்சுக் குரல். நாயால் விரட்டப்பட்டவளைப் போன்ற வேகம். பின்னால் கோரஸ் பாடியவர்களும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள்.

"வாய்ஸைப் பாருங்க" என்பார் கிளாக்கர், வருகிறவர்களிடம். "நம்மாளுங்க ஒரு ஆவன்னாவை இழுத்து முடிக்கிற நேரத்துல இவ ரெண்டு பாட்டை முடிச்சிருவா. அது ரத்தத்துல வரணும்."

தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் அந்தக் குரலுக்குக் 'கீச்சுத் துரைசானி' என்று பெயர் வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு எதுவும் ரத்தத்தில் வருவதில்லை, காதில்தான் வருகிறது.

விஷயம் இதுதான். தட்டுச் சுழலும் இடத்துக்குப் பக்கத்தில் வேகத்தை மாற்றுகிற ஒரு சின்னப் பிடி இருந்தது. துரையின் பிள்ளைகள் கடைசி நாளில் சின்னத் தட்டுகளைப் போட்டு ஆடிவிட்டு, பிடியைச் சின்னத் தட்டுக்கான வேகத்திலேயே விட்டுப் போய்விட்டார்கள். பெரிய தட்டு அதைவிட நிதானமாகச் சுழல வேண்டியது. எவ்வளவு நிதானம் என்று தட்டின் நடுவிலேயே அச்சடித்திருந்தது. ஆனால் கிளாக்கர் வீட்டில் அந்தப் பிடியை எவரும் தொடக் கூடாது.

"தொரை வச்சது வச்சபடி இருக்கட்டும். அவருக்குத் தெரியாததா?"

முப்பது வருஷமாகத் துரைமார் வைத்த இடத்தில் இருந்தே உயர்ந்தவர் அவர். தொப்பி, பேனா, ஆள் பேர் பதியும் செக்ரோல் புத்தகம், சொந்த அபிப்பிராயம் எல்லாமே துரை வைத்த இடத்தில்தான் இருந்தன. ஒரு பிடிக்கு மட்டும் தனிச் சுதந்திரம் எப்படிக் கிடைக்கும்?

அவருடைய மகள் பெற்றீசியா தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ரேடியோகிராம் வந்து ஒரு வருஷமானபோது, தகப்பனார் ஹட்டனுக்குப் போயிருந்த ஒரு நாள் ரேடியோகிராமைத் துடைத்தபோது, துணியின் நுனி பிடியில் மாட்டி இழுத்தது. பதறிப்போய்த் தட்டைப் போட்டுப் பார்த்தாள். கீச்சுத் துரைசானியைக் காணோம். அந்த இடத்தில் ஓர் ஆண் பாடிக்கொண்டிருந்தார். மழைக்கால மண் மாதிரி ஈரமும் கனமுமான குரல். ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, அடுத்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர் போல நின்றார். அந்த நிற்கிற இடத்தில்தான் பாட்டே இருந்தது. பெற்றீசியா துடைக்கிற துணியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பியானோக்காரர் சிரித்தார்.

அன்றிலிருந்து ரெண்டு வருஷமாக, தகப்பனார் ஆபீசில் இருக்கும்போதே பள்ளிக்கூடம் விட்டு வந்து பிடியை இறக்குவாள். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பாள். அவர் வரும் நேரத்துக்கு முன்னால் ஏற்றிவிடுவாள். சொல்லிவிடலாம் என்று பல தடவை வாய் வரைக்கும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து, டையைக் கூடக் கழற்றாமல், கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கீச்சுக் குரலுக்குத் தலையாட்டுகிற மனிதரைப் பார்த்தால் வாய் மூடிக்கொள்ளும். அவளுக்கு இருபத்தேழு வயது. இந்த வீட்டில் அவள் பேசாமல் விட்ட விஷயம் இது ஒன்று மட்டுமல்ல.

இந்த நிலையில்தான் தரகர் மூலம் பத்திநாதனின் சம்பந்தம் வந்தது. நுவரெலியாவில் ஒரு பெரிய ஓட்டலில் வருகிறவர்களை வரவேற்கிற முன் மேசையில் வேலை; கோட் போடுகிற உத்தியோகம். தகப்பன் இக்னேசியஸ், ஹட்டன் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உத்தியோகம்தான். அதிகாரம் அவரோடேயே வந்துவிட்டது. மகனோடு பெண் பார்க்க வந்தவர் வாசலில் நின்றே வீட்டுக் கூரைத் தகரத்தைத் தரம் பிரித்தார்.

உட்கார்ந்ததும் கிளாக்கர் பெண்ணைக் காட்டுவதற்கு முன்னால் ரேடியோகிராமைக் காட்டினார். தட்டு சுழன்றது. துரைசானி கீச்சென்று புறப்பட்டாள்.

"லண்டன் லேடி" என்றார் கிளாக்கர்.

"சொல்லணுமா?" என்றார் இக்னேசியஸ், தெரிந்தவர் போல. "எங்க பழைய தொரை பங்களாவுல கேட்டிருக்கேன். ஏஞ்சல் வாய்ஸ். ஒவ்வொரு வார்த்தையும் முத்து."

"என்ன அருமையான கருத்து, இல்லீங்களா?"

"கருத்துன்னா கருத்து!"

எந்தக் கருத்து என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாத நாகரிகம் இருவருக்கும் இருந்தது.

பெற்றீசியா தேத்தண்ணியும் பட்டர் கேக்கும் கொண்டுவந்தபோது பத்திநாதனைப் பார்த்தாள். அவன் உதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டு இருந்தான். கண் பிடியின் மேல் போயிற்று, தட்டுக்கு வந்தது, சட்டென்று தன் கால் சப்பாத்துக்கு இறங்கியது. இவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

பிள்ளைகள் பேசிக்கொள்ளட்டும் என்று இருவரையும் பூந்தோட்டத்துக்கு அனுப்பினார்கள். நாலு கார்னேஷன் செடிக்குப் பக்கத்தில் அவன் முதலில் பேசியது குடும்பத்தைப் பற்றியல்ல.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. அந்த அம்மா ஏன் இப்படி ஓடுறாங்க?"

"எந்த அம்மா?"

"உள்ள பாடுறாங்களே."

"அவங்க எப்பவும் அப்படித்தான்" என்றாள், முகத்தை இறுக்கிக்கொண்டு.

"எங்க ஓட்டல்லயும் இந்தத் தட்டு இருக்குங்க. சாயங்காலமானா நான்தான் போடுவேன். அது அம்மாவே இல்ல. நல்ல ஆம்பள."

அவளால் அதற்கு மேல் முடியவில்லை. சிரித்துவிட்டாள். "கறுத்த, தடிச்ச ஆள்" என்றாள். "ஒரு வார்த்தை சொல்லிட்டு நிப்பாரு."

"நிப்பாரு! அந்த ரெண்டாவது பாட்டு..." அவன் மெதுவாக முனகிக் காட்டினான். நிற்க வேண்டிய இடத்தில் சரியாக நின்றான்.

ரெண்டு வருஷமாக அவள் ஒருத்தியோடு மட்டும் இருந்த அந்தக் குரல் இன்னொருவர் வாயிலிருந்து வந்தது. பெற்றீசியா செடியைப் பார்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கல்யாணத்துக்குச் சரி என்று சொல்லிவிட அவளுக்கு அந்த நிமிஷமே போதுமாக இருந்தது.

"அப்ப உள்ள ஏன் சொல்லல?" என்றாள்.

"நல்லாருக்கே கதை! பெரியவங்க ரெண்டு பேரும் பொம்பளன்னு முடிவு பண்ணிட்டாங்க. நான் போய் மீசை வரையணுமா?"

அதற்கும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு பாதி வழியில் நின்றது.

அவர்கள் உள்ளே வந்தபோது கிளாக்கர் விருந்தாளிகளுக்காக அதே பக்கத்தை மறுபடி போடப் போனார். "ரெண்டாவது பாட்டுதான் உச்சம்" என்றார். ஊசியைத் தூக்கிய கை தட்டுக்கு மேல் நின்றது.

பெற்றீசியா பத்திநாதனை ஒருதரம் பார்த்தாள். பிறகு குனிந்து பிடியை இறக்கினாள்.

"ஏய், கையை எடு! தொரை வச்சது..."

அதற்குள் ஊசி விழுந்துவிட்டது. பியானோ மெதுவாக, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. பிறகு அந்த மனிதர் பாடினார். ஒரு சொல் சொல்லிவிட்டு நின்றார். அறையிலும் எல்லோரும் நின்றார்கள்.

குசினியிலிருந்து தாய் சிசிலியின் குரல் மட்டும் வந்தது. "அப்பாடா, இன்னைக்கு இந்த ஆளு விருந்தாளிக்கும் பாடுறானா?"

பெற்றீசியா திடுக்கிட்டுத் திரும்பினாள். "அம்மா, உங்களுக்குத் தெரியுமா?"

"அடுப்படிக்கும் அதுக்கும் நடுவுல ஒரு செவருதானே இருக்கு. ரெண்டு வருஷமா பாடுறது கேக்காதா?"

கிளாக்கர் மனைவி இருந்த பக்கம் பார்த்தார், மகளைப் பார்த்தார். தன் வீட்டில் தான் இல்லாத நேரத்தில் ஓர் ஆம்பளை ரெண்டு வருஷமாகப் பாடிக்கொண்டிருந்த செய்தி அவருக்கு மெதுவாகத்தான் இறங்கியது.

இக்னேசியஸ் தொண்டையைச் செருமினார். "மிஷினு கெட்டுப் போச்சு. சரக்கு பழசாயிட்டா இப்படித்தான் இழுக்கும்."

"இல்ல அங்கிள்" என்றாள் பெற்றீசியா. "இதுதான் சரி. முன்னாடி ஓடுனதுதான் தப்பு."

தகப்பனை விருந்தாளிகளுக்கு முன்னால் திருத்துகிற பெண்ணை இக்னேசியஸ் அப்போதுதான் முழுதாகப் பார்த்தார். பிறகு மகனிடம் திரும்பினார். "பத்தி, நீ ஓட்டல்ல தெனம் கேக்குறவன். சொல்லு. எது சரி?"

எல்லோரும் பத்திநாதனைப் பார்த்தார்கள். அவன் பெற்றீசியாவைப் பார்த்தான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் அந்த மனிதர் அடுத்த சொல்லுக்காக நின்றுகொண்டிருந்தார்.

பத்திநாதன் தகப்பனைப் பார்த்தான், கிளாக்கரைப் பார்த்தான். முன் மேசையில் பில்லுக்குச் சண்டை போடுகிற இரண்டு கனவான்களைச் சமாளிக்கிற புன்னகை ஒன்று அவன் முகத்தில் வந்து உட்கார்ந்தது.

"ரெண்டுமே சரிதாங்க அப்பா. ஒவ்வொருத்தர் ரசனை."

இக்னேசியஸ் பெருமையோடு தலையாட்டினார். கிளாக்கர் மூச்சு விட்டார். பத்திநாதன் ஒரு துண்டு கேக் எடுத்துக்கொண்டான். பெற்றீசியா காலிக் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள்.

வந்தவர்கள் திருப்தியோடுதான் போனார்கள். பெண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம், கல்யாணமானால் சரியாகிவிடும் என்று வாசலில் இக்னேசியஸ் சொன்னது உள்ளே வரைக்கும் கேட்டது. பத்திநாதன் திரும்பிப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் அவளிடம் கண்ணால் சிரித்தான். நமக்குள் தெரியுமே என்ற சிரிப்பு. நல்ல சிரிப்புத்தான், அவளுக்கு வலித்ததும் அதனால்தான்.

கிளாக்கர் டையைத் தளர்த்திக்கொண்டு ரேடியோகிராமுக்கு எதிரில் உட்கார்ந்தார். தட்டைப் பார்த்துக்கொண்டே, "பாவம் தொரை" என்றார்.

"என்னப்பா?"

"கடைசி வரைக்கும் தப்பாவே கேட்டுட்டுப் போயிருக்காரு."

தான் மூன்று வருஷம் தப்பாகக் கேட்டது அந்தக் கணக்கில் வரவில்லை. பெற்றீசியா அதைத் திருத்தவில்லை. துரையின் பெயரோடு 'தப்பு' என்ற சொல்லை அவர் சேர்த்துச் சொன்னதே பெரிய காரியம். ஒரு நாளைக்கு அவ்வளவு போதும்.

"பையன் நல்ல பையன்" என்றார் பிறகு. "எப்ப வச்சுக்கலாம்னு கேப்பாங்க."

"வேணாம்ப்பா."

"என்ன கொறை கண்ட?"

"கொறை ஒண்ணும் இல்ல. தோட்டத்துல நிக்கையில என்கிட்ட உண்மையைச் சொன்னாரு. உள்ள வந்ததும் ரெண்டும் சரின்னுட்டாரு."

"அது பெரியவங்களுக்குக் குடுக்குற மரியாதை!"

"அதே மரியாதையத்தான் நானும் உங்களுக்கு ரெண்டு வருஷமா குடுத்தேன். தெனம் பிடிய எறக்கி, தெனம் ஏத்தி." அவள் குரல் உயரவில்லை. "ஒரு வீட்டுக்கு அப்படி ஒரு ஆளு போதும்ப்பா. அங்க போய் ரெண்டு பேரா ஏத்திக்கிட்டு இருக்க முடியாது."

அவர் பதில் தேடினார். துரைக்கு எழுதுகிற ஆங்கிலத்தில் அதற்கு நிறைய வாக்கியங்கள் இருந்தன. தமிழில் ஒன்றும் அகப்படவில்லை. அவளுக்கு வயது போகிறது என்று சொல்ல வாயெடுத்தார். சிசிலி குசினி வாசலில் வந்து நின்றதைப் பார்த்து அதையும் விழுங்கினார்.

"அந்த ஆளு என்னதான் சொல்றான்?" என்று தட்டைக் காட்டிக் கேட்டார். "எனக்கு ஒரு வார்த்தையும் வெளங்கல."

முப்பது வருஷ உத்தியோகத்தில் அவர் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்து எவரும் கேட்டதில்லை.

"எனக்கும் பாதிதான் வெளங்கும்" என்றாள் பெற்றீசியா, பக்கத்தில் உட்கார்ந்து. "யாரோ அவர்கிட்ட, நான் போகட்டுமான்னு கேட்டிருக்காங்க. அதுக்கு என்ன சொல்றதுன்னு யோசிக்கிறாரு."

"சொன்னானா?"

"பாட்டு முடியிற வரைக்கும் சொல்லல."

கிளாக்கர் எழுந்தார். டையை மறுபடி இறுக்கினார். "ஞாயித்துக்கிழமை நானே ஹட்டனுக்குப் போயி இக்னேசியஸ்கிட்ட வேணாம்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டு வந்துர்றேன்."

"தரகர்கிட்ட சொல்லி அனுப்புனா போதாதா?" என்றாள் சிசிலி.

"அவன்கிட்ட விட்டா, அங்க போயி வேணும்னும் வேணாம்னும் ரெண்டையும் சொல்லிட்டு, ரெண்டு வீட்டுலயும் சாப்பிட்டுட்டு வருவான்."