நெஞ்சுச் சங்கு

மூன்று மாதமாக எங்கள் மில்லுக்கு என் நெஞ்சுதான் சங்கு. பழைய சங்கு துருப்பிடித்து விழுந்துவிட்டது. ஷிப்டு முடியும் நேரத்தில் ஸ்பின்னிங் மாஸ்டர் கோதண்டபாணி என் சட்டைப் பொத்தானைக் கழற்றி மைக்கை வைப்பார். நான் மூச்சு விடுவேன். வீ என்று நீளமாக ஊதும். ஊரே கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும்.

நான் புளோ ரூமில் இருக்கிறேன். பேல் என்கிற பஞ்சுப் பொதியை உடைத்துப் பிரிக்கிற இடம். காலையில் நாங்கள் போகும்போது தூசி ஏற்கெனவே வந்து கையெழுத்துப் போட்டிருக்கும்.

வேலை முடிந்ததும் வரிசையில் நிற்போம். ஒவ்வொருவரும் ஏர் ஹோஸால் தன் மேலிருக்கும் தூசியைப் பின்னால் இருப்பவர் மீது அடித்துவிட்டுப் போவார். பதினேழு பேர் சுத்தமாக வீட்டுக்குப் போவார்கள். பதினெட்டாவது ஆள் நான்.

பிறகு ஆளுக்கொரு வெல்லக்கட்டி. வெல்லம் தூசியை வயிற்றுக்கு இறக்கிவிடும் என்பது மில்லின் கொள்கை. வெல்லம் இறங்கியது.

ஒரே சிக்கல் ஞாயிற்றுக்கிழமை. லீவு நாளில் நெஞ்சு ஊதாது. அதனால் ஞாயிறு முடியாது. போன ஞாயிறு பதினோரு நாள் ஓடியது. யாரும் புகார் சொல்லவில்லை. கறிக்கடையில் ஆடு தீர்ந்த பிறகுதான் என்னைப் பிடித்துப் போய்ப் புளோ ரூமில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். திங்கள் வந்தது.

மாஸ்டர் ஒரு காகிதம் கொண்டுவந்தார்.

"உன்னைய நிரந்தரம் பண்றோம். இன்னும் ஒரு வருசம் இதே ரூம்ல நில்லு. அப்புறம் ஞாயித்துக்கெழமையும் ஊதும். தூக்கத்துலயும் ஊதும். நிக்கவே நிக்காது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கேன்டீன் மாடிப்படி பன்னிரண்டாக இருந்தது. அன்று நாற்பதாக இருந்தது. மூச்சு வாங்கி நான்காவது படியில் உட்கார்ந்தேன். மற்றவர்களுக்கு அது பன்னிரண்டாகவே இருந்தது.

டாக்டர் பூரணியிடம் போனேன்.

"லீவு நாள்ல நெஞ்சு இரையுதா?"

"இல்லீங்க."

"அப்ப உங்களுக்கு மட்டும் மருந்து குடுத்துப் பிரயோசனமில்லீங்க. மில்லக் கூட்டிட்டு வாங்க."

கூட்டிக்கொண்டு போனேன். டோக்கன் இருபத்து மூன்று. பெஞ்சில் மில்லுக்குப் பாதி இடம்தான் கிடைத்தது. புகைபோக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டாக்டர் சுவரில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். மில் இருமியது. காத்திருந்த நோயாளிகள் எல்லோரும் வெள்ளையானார்கள்.

"எத்தன வருசமா இப்படி?"

மில் என்னைப் பார்த்தது.

"நாப்பதுங்க," என்றேன்.

டாக்டர் எழுதினார். "மிஷினுக்கு மூடி. தூசி கெளம்புற எடத்துலயே உறிஞ்சற கொழாய். காத்தடிக்கறது, வெளக்கமாறு, ரெண்டும் ஆகாது. ஈரத்துணி மட்டும். பேல் ஒடைக்கறவங்களுக்கு மூஞ்சில ஒட்டி நிக்கற மாஸ்க். அதுவரைக்கும் இவரு அந்த ரூமுக்குள்ள போகப்படாது."

"வெல்லம்?" என்றேன்.

"டீயில போட்டுக்குங்க."

மாஸ்டருக்குக் கோபம். "தூசி போயிட்டா ஷிப்ட யாரு முடிக்கறது?" என்று மில்லைக் கேட்டார். மில்லின் வாயில் தூசி உறிஞ்சுகிற குழாய் இருந்தது.

ஆறு வாரம் வேறு ரூமில் நின்று, அங்கே இருந்த தூசிக்கு ஊதினேன். மூடியும் குழாயும் எல்லாம் மாட்டி முடிந்த அன்று, மதியம் இரண்டு மணி. எல்லோரும் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு நின்றார்கள். மாஸ்டர் மைக்கை வைத்தார். நான் மூச்சு விட்டேன்.

ஒன்றும் ஊதவில்லை.

"ஏனுங்ணா, நெஞ்சுக்குச் சாவி குடுக்கலீங்ளா?" என்றாள் நூலைக் கோனில் சுற்றுகிற மயிலாத்தாள்.

"குடுத்தனே."

"அப்ப ஊட்டுக்குப் போலாமா, வேண்டாமா?"

யாருக்கும் தெரியவில்லை. மயிலாத்தாள் போனாள். மற்றவர்களும் போனார்கள். கேட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று பயந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெயில் அடித்தது.

மாஸ்டர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். பிறகு காதையே என் நெஞ்சில் வைத்தார்.

"ஏதாச்சும் கேக்குதுங்ளா?" என்றேன்.

"காத்து உள்ள போகுது. வெளிய வருது," என்றார். அவர் முகம் கோணியது. "வெறுங்காத்து."

அவருக்காக இன்னொரு மூச்சு இழுத்துக் காட்டினேன்.