ஆண்கள் இல்லாத தெரு

"மூச்சு விட முடியுதாங்க?" என்று மனைவி துணிக் குவியலின் மேல் குனிந்து கேட்டாள்.

"முடியுது. உன் விடுதிக்கு வர்றவங்க யாரும் குளிக்கவே மாட்டாங்க போல," என்றது குவியல்.

மகள் சிரிக்கவில்லை. அவள் அப்பாவின் செருப்பை அடுப்புக்குக் கீழே தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு செருப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. காலால் எட்டித் தள்ளினாள்.

தெருமுனையில் "தண்ணி வந்துடுச்சு" என்று யாரோ கூவி அடங்கியிருந்தார்கள். குடத்தை எடுத்துக்கொண்டு யாரும் ஓடவில்லை. விசாரணை அதிகாரி வருகிறார் என்று அந்தத் தெருவுக்குத் தெரிவிக்கும் குரல் அது. குரல் கேட்டதும் ஆண்கள் பின்சுவர் ஏறிப் போய்விடுவார்கள். கொடியில் கிடக்கும் சட்டைகள் இறங்கும். சவரக் கத்திகள் மாவு டப்பாவுக்குள் போகும். சாயங்காலம் பசித்ததும் கணவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வருவார்கள்.

ஏழைப் பெண்களைக் கைதூக்கிவிட அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தது. செவிலியர் பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு, முடித்ததும் வேலை. அத்தனையும் இலவசம். ஒரே ஒரு நிபந்தனை, வீட்டில் ஆண் இருக்கக் கூடாது. ஆண் என்று ஒருவன் இருந்தால் அவன் சம்பாதித்துப் போடுவான் என்று எங்கோ ஓர் அறையில் மின்விசிறிக்குக் கீழே யாரோ முடிவு செய்திருந்தார்கள்.

இந்த வீட்டு ஆண் கட்டடங்களுக்குச் சாரம் கட்டியவர். அவர் கட்டாத சாரம் ஒன்று அவரோடு சரிந்து விழுந்த நாளிலிருந்து வலது கால் அவர் பேச்சைக் கேட்பதில்லை. சுவர் ஏற அவரால் முடியாது. மனைவி ஒரு தங்கும் விடுதியின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கிறவள். அறையில் எப்போதும் ஆள் உயரத்துக்கு அழுக்கு விரிப்புகள் குவிந்திருக்கும். அவரை மறைக்க வேறு இடம் அவளுக்குத் தோன்றவில்லை.

அதிகாரி உள்ளே வந்தாள். இளம் பெண். காலையிலிருந்து நடந்ததில் இரண்டு குதிகாலிலும் செருப்பு கடித்திருந்தது. உட்கார இடம் தேடினாள். நாற்காலி இருந்தால் வசதியான வீடு என்று எழுதிவிடுவார்கள் என யாரோ சொன்னதைக் கேட்டு, மகள் அந்தப் பயிற்சிக்கு விண்ணப்பித்த அன்றே இருந்த நாற்காலிகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்திருந்தார்கள். அதிகாரி சுற்றிப் பார்த்தாள். பிறகு துணிக் குவியலின் மேல் உட்கார்ந்தாள்.

தாயின் வாய் திறந்து மூடியது. "மேடம், அது அழுக்குத் துணி..."

"பரவாயில்லம்மா, நானும் இப்ப அழுக்குதான்." அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, மகளைப் பார்த்துச் சிரித்தாள். "உங்க அப்பா எங்கம்மா?"

"போயிட்டாரு."

"எப்போ?"

"போன வருஷம்," என்றாள் மகள். "இவ கைக்குழந்தையா இருக்கும்போது," என்றாள் தாய், அதே நேரத்தில்.

அதிகாரி நிமிர்ந்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மகள் அவளைப் பார்க்கவில்லை. குவியலின் அடியில் ஒரு விரிப்பின் மடிப்பு மெல்ல எழுந்து எழுந்து தாழ்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி அடுத்த கேள்வி கேட்டாள், அதற்கடுத்ததும் கேட்டாள். தாய் ஏதோ சொன்னாள். மடிப்பின் அசைவு குறைந்தது. பிறகு நின்றது.

"எந்திரிங்க மேடம்," என்றாள் மகள். "அப்பா உள்ள இருக்காரு."

அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு துள்ளி எழுந்தாள். தாயும் மகளும் விரிப்புகளை வாரி வாரி எறிந்தார்கள். அடியிலிருந்து ஒரு தலை வந்தது. முகம் கறுத்திருந்தது. நெடுநேரம் இருமியது. அப்புறம், "வணக்கம் மேடம்," என்றது. "பார்த்தா தெரியல, நல்ல கனம் நீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி அவர் காலைப் பார்த்தாள்.

"செத்துப்போனா சரிங்கிறீங்க," என்றாள் மனைவி. அவள் குரல் உயரவில்லை. "விட்டுட்டு ஓடிப்போனாலும் சரிங்கிறீங்க. காலு போயி வீட்டோட கிடந்தா மட்டும் தப்பா மேடம்?"

"நான் போட்ட சட்டம் இல்லம்மா இது." அதிகாரி செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசல்வரை போய் நின்றாள். "இன்னைக்கு நான் வந்தப்போ வீடு பூட்டியிருந்துச்சு. சரியா? அடுத்த வாரம் வர்றேன். அப்போ இவர் இங்க இருக்கக் கூடாது."

அன்பாகத்தான் சொன்னாள். ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றிவிட்ட நிறைவில் வலி தெரியாமல் தெருவைக் கடந்து போனாள்.

"எனக்கு அந்தப் படிப்பு வேண்டாம்," என்றாள் மகள்.

"போடி. ஊசி போடக் கத்துக்கிட்டு வந்து முதல்ல உங்கம்மா நாக்குக்கு ஒண்ணு போடு," என்றார் அப்பா.

"போடட்டும். மிச்சம் இருந்தா உங்களுக்கும் ஒண்ணு," என்றாள் அம்மா.

சாப்பிடும்போது அவர் கேட்டார். "அடுத்த வாரத்துக்கு அப்புறம் அந்தம்மா வர மாட்டாங்கல்ல?"

"படிப்பு முடியிற வரைக்கும் எப்ப வேணா வருவாங்களாம்."

அவர் தலையாட்டினார். கட்ட வேண்டிய சாரத்தின் உயரத்தைக் கீழே நின்று கண்ணால் அளப்பவர்போலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி வருவதாகச் சொன்ன நாளுக்குச் சில நாள் முன்பே, ஒரு விடியற்காலையில், அவர் படுக்கை காலியாக இருந்தது. ஊன்றுகோலும் இல்லை. தெருவில் ஒருவரும் பார்க்கவில்லை. பேருந்து நிலையத்தில் கேட்டார்கள். மருத்துவமனையில் கேட்டார்கள்.

"எங்க வீட்டு ஆளெல்லாம் அந்தம்மா வர்ற அன்னைக்கு மட்டும்தான் போவாரு," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. "உங்க வீட்டுக்காரரு ஏன் இவ்வளவு முன்னாடியே..." சொல்லிக்கொண்டே வந்தவள் தாயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

சோப்பு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தாய் ஆற்றுப் பாலத்துக்குப் போய் வெகுநேரம் கீழே பார்த்துவிட்டு வந்தாள். மகளும் போனாள், வேறொரு பொய் சொல்லிவிட்டு. இருவரும் அதைப் பற்றி ஒருவரிடம் ஒருவர் பேசவில்லை. ராத்திரி வெளியே எந்தக் கோல் சத்தம் கேட்டாலும் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார்கள்.

சொன்னபடி அதிகாரி வந்தாள். அன்று காற்று பலமாக இருந்தது. நின்றபடியே கேட்டாள்.

"உங்க அப்பா எங்கம்மா?"

"தெரியல மேடம்."

"எப்போ போனார்?"

"திங்கட்கிழமை. விடியறதுக்கு முன்னாடி. எங்கன்னு சொல்லல." மகள் வாசலைப் பார்த்தாள். "தேடிட்டே இருக்கோம்."

அதிகாரி திருப்தியோடு தலையசைத்தாள். போன முறைபோல் உளறல் இல்லை. குரல், கண் எல்லாமே சொல்லுக்குப் பொருத்தமாக இருந்தன. அவள் மகளின் தோளைத் தொட்டாள்.

"இப்ப சரியா சொல்ற," என்றாள் தாழ்ந்த குரலில். "மேல இருந்து யார் வந்து கேட்டாலும் இதையே சொல்லு. உனக்கு இடம் கிடைச்ச மாதிரிதான்."

பிறகு, புழுதி உள்ளே அடிக்கிறதே என்று கதவைச் சாத்தக் கை நீட்டினாள்.

"சாத்தாதீங்க மேடம்," என்றாள் தாய். நிலைப்படியில் வந்து நின்றுகொண்டாள். "திறந்தே கிடக்கட்டும். அவர் வர்றதா இருந்தா, நீங்க இருக்கும்போதே வரட்டும்."