விரிப்பை எடுக்க வந்தவர்

பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். காதுபடவே சொல்வார்கள், அவளும் கண்டுகொள்ள மாட்டாள். ஆய்வுக்கூடத்தில் உருவாகும் ஒரு பொருளை வட்டாரத்துத் தொழிற்சாலைகளோடும் ஆஸ்பத்திரிகளோடும் சேர்த்துவைத்து, அது கடைக்குப் போய்ச் சேரும்வரை கூடவே ஓடுவதுதான் அவள் வேலை. கோபப்படாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது என்பது அவள் கட்சி.

ஆனால் அன்றைக்கு வந்த கோபம் வழக்கமான கோபம் இல்லை.

விஷயம் ஒரு படுக்கை விரிப்பு. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் உடம்பு ஒரே இடத்தில் அழுந்திக்கொண்டிருந்தால் புண் வைத்துவிடும். பிறகு அது ஆறுவதற்குள் வீடே படாத பாடு படும். இயற்பியல் துறைப் பேராசிரியர் ஒருவர், அழுத்தத்தைக் கண்டுபிடிக்கும் மெல்லிய கம்பிகளைத் துணிக்குள் வைத்துத் தைத்த விரிப்பைச் செய்திருந்தார். எந்த இடம் ரொம்ப நேரம் அழுந்துகிறது என்று தலைமாட்டில் ஒரு விளக்கு காட்டிவிடும். நர்ஸ் வந்து நோயாளியைப் புரட்டிவிட்டால் போதும். மிளகாய் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தாள். பக்கத்து ஊர் மெத்தைத் தொழிற்சாலைக்காரர் தைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். பெரியாஸ்பத்திரி மேட்ரன் தன் வார்டில் போட்டுப் பார்க்கச் சம்மதித்தார். இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

இப்படி எல்லாம் கூடிவந்த நேரத்தில் இயக்குநர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். எதிர் நாற்காலியில் ஒரு பெரிய கம்பெனியின் ஆள் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல சேதி மேடம். நம்ம விரிப்ப இவங்க மொத்தமா எடுத்துக்கறாங்க. உரிமை முழுக்க இவங்களுக்கு மட்டும்" என்றார் இயக்குநர்.

"எப்ப சார் கடைக்கு வரும்?" என்று அவள் கம்பெனிக்காரரைக் கேட்டாள்.

"அதுக்கு இப்ப அவசரம் இல்லைங்க. இதே புண்ணுக்கு எங்க காத்துப் படுக்கை நல்லா வித்துட்டிருக்கு. அது ஓயட்டும், பாக்கலாம்."

"அதுவரைக்கும்?"

"பத்திரமா வெச்சிருப்போம்."

"பரண்லயா?"

இயக்குநர் இருமினார். கம்பெனிக்காரர் கோப்பையை வைத்துவிட்டு, வார்டில் இருக்கும் விரிப்புகளையும் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கதவு சாத்தியதும் மிளகாய்க்குச் சுள்ளென்று ஏறியது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்? அந்த ரெண்டு பேருக்கும் நான் என்ன பதில் சொல்றது?"

"உங்க மெத்தைக்காரரும் மேட்ரனும் விரிப்பு வர்ற பெட்டியில யார் பேரு மேல வரணும்னு அடிச்சிட்டிருக்காங்க. அவங்கள நம்பி எத்தன நாள் உக்காந்திருக்கறது? பேராசிரியரே சரின்னுட்டாரு. நாளைக்கு மத்தியானம் கையெழுத்துப் போடறாரு."

அது அவள் எதிர்பார்க்காத அடி. கண்டுபிடித்தவர் ஒப்பாமல் எந்த உரிமையும் கைமாறாது. அவர் ஒப்பிவிட்டால் அவளால் ஒன்றும் செய்ய முடியாது. மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஆய்வுக்கூடத்துக்குப் போனாள்.

பேராசிரியர் ஏதோ ஒரு கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"தெரிஞ்சுதான் சரின்னீங்களா சார்? அவங்க இத விக்கப் போறதில்ல. பூட்டி வெக்கப் போறாங்க."

"தெரியும்."

"தெரியுமா?"

"புதுக் கூடம் கட்டித் தரேங்கறாங்க." அவர் மேலே கைகாட்டினார். கூரை ஒழுகும் இடத்தில் கருவிகளுக்கு மேலே பிளாஸ்டிக் தாள் கட்டியிருந்தது. "உங்களுக்கு இது இல்லன்னா இன்னொரு பொருள். எனக்கு அப்படியா? என் தலைமுடி கொட்டுனதே இந்த ஒண்ணுலதான். இத விட்டா எனக்குக் கூடம் கிடைக்காது."

அவளுக்கு இரக்கம் எட்டிப்பார்த்தது. கோபத்துக்கு நடுவே இரக்கம் வந்தால் அவளுக்கு இன்னும் கோபம் வரும்.

"சரி சார். வார்டுல இருக்கற விரிப்ப எல்லாம் எடுக்கணுமாம். நான் எடுக்க மாட்டேன். நீங்க வந்து உங்க கையால உருவிட்டுப் போங்க."

"அதுக்கு யாராவது ஆள் அனுப்பலாமே?"

"அந்த ஆள் நான்தான். முடியாதுங்கறேன்."

வீட்டில் கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக் கழற்றிய வேகத்தைப் பார்த்து, "இன்னிக்கு யாரு தலை உருண்டுது?" என்றார்.

"ஒண்ணும் உருளல. அதான் ஆத்திரம்."

"அப்ப சமையல்ல காரத்தக் குறைச்சிடறேன்." அவள் நடந்ததைச் சொல்லி முடித்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா, பேருக்காக அவங்க சண்டை போட்டது நிஜமா?" என்று கேட்டார்.

நிஜம்தான். அவள் போனை எடுத்து மெத்தைக்காரரைக் கூப்பிட்டாள்.

"உங்க பேரு மேல வருதோ கீழ வருதோ, எனக்குத் தெரியாது. பொருளே போகப்போகுது. காலைல வார்டுல வந்து நில்லுங்க."

"நான் என்னம்மா அப்படிச் சொல்லிட்டேன்? அந்தம்மாதான்…"

"அவங்களுக்கும் இதேதான் சொல்லப் போறேன்."

காலையில் பேராசிரியர் கசங்கிய சட்டையோடு, காலிப் பை ஒன்றை எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்தார். அதுவரை அவர் அங்கே காலடி வைத்ததே இல்லை. விரிப்பு அனுப்பிய எண்களைத் தன் கூடத்தில் இருந்தபடியே பார்த்தவர் அவர். மெத்தைக்காரர் சுவரோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

முதல் கட்டிலில் பக்கவாதம் வந்த ஒரு பெரியவர் படுத்திருந்தார். அவருடைய மகன் லாரி ஓட்டுகிறவன். அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு வந்திருந்தான்.

"நீங்க இடுப்பப் புடிங்க சார்" என்றார் மேட்ரன். இருவருமாகப் பெரியவரை ஒருக்களித்துத் திருப்பினார்கள். அவர் முதுகில் ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை. பேராசிரியர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எதுக்கு எடுக்கறீங்க? பழுதா?" என்று மகன் கேட்டான்.

"பழுது இல்லப்பா."

"இதவிட நல்லது வந்திருக்கா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு?"

பேராசிரியர் மிளகாயைப் பார்த்தார். அவள் அவர் கொண்டுவந்த காலிப் பையைப் பார்த்தாள்.

மகனுடைய குரல் உயர்ந்தது. "இந்த விளக்கு எரிஞ்சா யாராவது வந்து புரட்டுவாங்கன்னு நம்பித்தான் நான் வண்டிய எடுக்கறேன். எங்கப்பா முதுகுல போட்டுப் பாத்தாச்சு, வேலை செய்யுதுன்னு தெரிஞ்சாச்சு, இனி அவரு எக்கேடு கெட்டா என்னன்னு எடுத்துட்டுப் போறீங்களா? யாரு எடுக்கச் சொன்னது?"

இயக்குநர் என்று சொல்லியிருக்கலாம். கம்பெனி என்று சொல்லியிருக்கலாம். "நான்தான்" என்றார் பேராசிரியர்.

அப்போது கட்டிலில் ஒருக்களித்திருந்த பெரியவர் குழறிக் குழறி வாயைத் திறந்தார். "சண்டைய அப்பறம் வெச்சுக்கோங்க. மொதல்ல என்னப் படுக்க வைங்க."

படுக்க வைத்தார்கள், அதே விரிப்பின் மேல். பேராசிரியர் காலிப் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே இயக்குநர் அறைக்குப் போனார். மிளகாயும் பின்னாலேயே போனாள்.

"வெளிநாட்டு உரிமை வேணும்னா அவங்க எடுத்துக்கட்டும். இந்த வட்டாரத்துல செஞ்சு விக்கற உரிமை மெத்தைக்காரருக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான். பூட்டி வெச்சா எல்லாம் என்கிட்டயே திரும்பி வந்துடணும். இதுக்குச் சம்மதம்னா கையெழுத்து."

"அவங்க எழுந்து போயிடுவாங்க. உங்க புதுக் கூடமும் போயிடும்."

"தெரியும்."

இயக்குநர் மிளகாயின் பக்கம் திரும்பினார். "நீங்க பண்ண வேலையா இது?"

"ஆமா சார்" என்றாள்.

கம்பெனிக்காரர்கள் எழுந்துதான் போனார்கள். இயக்குநர் பல வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு அந்த வருஷம் வேறொருவருக்குப் போயிற்று. மெத்தைக்காரர் தைத்த முதல் தொகுதியில் ஊசி பட்டுக் கம்பிகள் அறுந்திருந்தன. மிளகாய் அங்கேயே போய் உட்கார்ந்து, இருந்த கோபத்தையெல்லாம் அவர் தலையில் கொட்டிவிட்டு வந்தாள். அடுத்த தொகுதி சரியாக வந்தது. விரிப்பு விற்பனைக்கு வந்த அன்று எடுத்த புகைப்படத்தில் இயக்குநர் நட்டநடுவில் நின்றார்.

கூட்டம் கலைந்ததும் பேராசிரியர் நடைவழியில் அவளை நிறுத்தினார். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"சொல்ல வேணாம் சார். மொதல் நாளே நீங்க வார்டுக்கு வந்திருந்தா, இவ்வளவும் வேண்டியிருந்திருக்காது."

"வந்திருக்கணும்" என்றார்.

அவள் அதை மறுக்கவில்லை.