கொச்சிக்காய் போட்ட வைன்

எங்கள் நாட்டில் 'வைன் ஸ்டோர்ஸ்' என்று பலகை மாட்டிய கடைகளுக்குக் குறைவில்லை. உள்ளே சாராயம் இருக்கும், பியர் இருக்கும், கம்பிக்கூட்டுக்குப் பின்னால் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓர் ஆளும் இருப்பார். வைன் மட்டும் இருக்காது. வற்புறுத்திக் கேட்டால், மேல்தட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு போத்தலை எடுத்துத் தூசி தட்டித் தருவார். அதைக் குடிப்பதைவிட அதால் கறிச்சட்டி கழுவலாம். இப்படிப்பட்ட நாட்டில் வைனை நம்பிப் பிழைக்கிறவன் நான். பெயர் றஜீவன். வயது நாற்பத்தாறு. பாசிக்குடாவில் ஒரு கடற்கரை ஹோட்டலில் வைன் அறைக்குப் பொறுப்பாக இருக்கிறேன்.

பயணிகள் கப்பலில் பல வருடம் மேசை பார்த்ததில் பிடித்த பைத்தியம் இது. ஊருக்குத் திரும்பி, வவுணதீவில் என் மனைவி உசாந்தியின் வீட்டோடு இருந்துவிட்டேன். அங்கே வைன் என்றால் குடி, குடி என்றால் குடிகாரன். பக்கத்து வளவுச் சாமித்தம்பி சாராயம் குடித்துவிட்டு வரம்பிலே கிடப்பார். அவருக்கு இருக்கிற மரியாதைகூட எனக்கில்லை. அவர் ஒளிக்காமல் குடிக்கிறாராம். நான்தான் கிளாசை மூக்கில் வைத்து மோந்து மோந்து கள்ளத்தனமாகக் குடிக்கிறேனாம்.

ஊர்க்காரரை மன்னிக்கலாம். அவர்களுக்குத் தெரியாது, தெரியும் என்று அவர்கள் சொல்லவும் இல்லை. மன்னிக்க முடியாதவர்கள் போனுக்குள் இருக்கிறார்கள். ஒருவன் கிளாசைச் சுழற்றுகிறான், சுழற்றுகிறான், வைன் சட்டையில் சிந்தும்வரை சுழற்றுகிறான். ரொறன்ரோவில் இருந்து ஒரு தம்பி கண்ணை மூடிக்கொண்டு 'ஈரக்கல்லின் வாசம்' என்கிறான். சூடேற்றிய வீட்டைவிட்டு வெளியே வராத அந்தப் பிள்ளை எந்த மழையில் எந்தக் கல்லை மோந்ததோ தெரியாது. நீல நிற வைன் என்றார்கள். தகரப் பேணியில் வைன் என்றார்கள். கடைசியில் ஒன்று வந்தது பாருங்கள்: கொச்சிக்காயை, அதுதான் பச்சை மிளகாயை, வெட்டி ஐஸில் உறைய வைத்து வெள்ளை வைனுக்குள் போடுவது. உலகமே போட்டது. வைனில் என்ன இருக்கிறது என்று தேடிப் பிடிக்க நாக்கு வேண்டும். கொச்சிக்காய் போட்டுவிட்டால் நாக்கே தேவையில்லை. அதனால்தான் அது அவ்வளவு பேருக்குப் பிடித்தது.

எனக்கென்று ஓர் ஆசை இருந்தது. ஜேர்மனியில் ஆற்றோரக் குளிர்ச் சரிவுகளில் விளைகிற ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன். மெல்லிய இனிப்பு, அதற்கடியில் தேசிக்காய்ப் புளிப்பு. எங்கள் மட்டக்களப்பு வாவி நண்டைத் தேங்காய்ப்பாலும் முருங்கையிலையும் போட்டு உறைப்பாகக் காய்ச்சினால், அதன் பக்கத்தில் நிற்கக்கூடிய வைன் உலகத்தில் இது ஒன்றுதான் என்பது என் எண்ணம். கறிச் சாப்பாட்டுக்கு வைன் ஒத்துவராது, பியர்தான் சரி என்று எழுதாத ஆள் இல்லை. அதை எழுதியவர்களில் ஒருவராவது எங்கள் நண்டைத் தின்றிருக்க மாட்டார்.

ஹோட்டல் குசினிக்குத் தலைமை கேதீஸ்வரி அக்கா. அவருடைய நண்டுக்கறிக்காகவே திரும்பி வருகிற ஆட்கள் உண்டு. ஒரு நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகு, ருசி பார்க்க வந்த இரண்டு ரீஸ்லிங் மாதிரிப் போத்தல்களோடு குசினிக்குப் போனேன். அக்கா அதுவரை மதுவை வாயில் வைத்ததில்லை. என்னைத் திருப்திப்படுத்தத்தான் ஒரு மிடறு குடித்தார். நண்டுக் கால் ஒன்றை உடைத்துத் தின்றார். பிறகு இன்னொரு மிடறு.

"நண்டு இனிக்குது என்ன," என்றார். "மறுகா கொஞ்சம் ஊத்துங்க தம்பி, பாப்பம்."

அன்று நாங்கள் இருவரும் அந்தச் சட்டியை முடித்தோம், ஒரு போத்தலையும் முடித்தோம். மற்றதை அக்கா குளிர்பெட்டியில் தேங்காய்ப்பாலுக்குப் பின்னால் வைத்தார். வைனைப் பற்றி வாழ்க்கையில் நான் கேட்ட ஒரே ஒழுங்கான பேச்சு அந்த நாளில் அக்கா பேசியதுதான். நாலு சொல்லுக்கு மேல் அவர் பேசவும் இல்லை.

கொழும்பில் இருக்கிற முதலாளியிடம் கெஞ்சிக் கெஞ்சி அந்த ரீஸ்லிங்கில் சில பெட்டிகள் இறக்குவித்தேன். சித்திரையில் பயணிகள் வரத் தொடங்கும்போது ஒரு விருந்து, அதில் நண்டும் ரீஸ்லிங்கும் மட்டும் என்று முடிவானது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். எங்கள் வாவியின் நண்டுக்கு ஏற்ற வைன் ஒன்று இருக்கிறது என்பதை ஒரு தடவை, ஒரு மேசை நிறைய ஆட்கள் வாயால் அறியவேண்டும். அதன் பிறகு என்னைக் குடிகாரன் என்றாலும் சரி.

விருந்துக்கு முன்னோட்டமாக, மாசி மாதம் முகாமையாளர் பிரதீஸ் ஒரு பிள்ளையை இலவசமாகத் தங்க அழைத்தார். பெயர் தக்சிகா. புளியந்தீவில் பிறந்து வளர்ந்து இப்போது கொழும்பில் இருந்து வீடியோ போடுகிறவள். கமெராவுக்கு முன்னால் அவள் பேசியது எந்த ஊர்த் தமிழ் என்று எனக்குப் பிடிபடவில்லை. கமெராவை மூடியதும் எங்கள் ஊர் 'மறுகா', 'என்னகா' எல்லாம் ஓடி வந்துவிடும். அவள் வந்த நாள் போயா, பௌர்ணமி.

போயாவில் மது விற்கக்கூடாது என்பது நாடு முழுக்கத் தெரிந்த சட்டம். ஆனாலும் யாராவது கேட்டால் தேநீர்ச் சாடியில் ஊற்றிக் கொடுக்கும்படி பிரதீஸின் உத்தரவு. சட்டத்தை மீறுவதைவிட, நல்ல வைனைப் பீங்கான் சாடிக்குள் ஊற்றுவதுதான் எனக்குப் பாவமாகத் தெரியும். அன்று என் ரீஸ்லிங்கையே சாடியில் ஊற்றச் சொன்னார். தக்சிகா சாடியை உயர்த்தி, கமெராவைப் பார்த்துக் கண்ணடித்து, "இண்டைக்குப் போயா, அதனால நாங்க டீ மட்டும்தான் குடிக்கிறோம்," என்று தேநீர்க் கோப்பையில் வைனை ஊற்றிக் காட்டினாள். பின்னால் ஹோட்டலின் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிந்தது.

நான் பிரதீஸிடம் ஓடினேன். "அந்தப் பிள்ளையிட்டச் சொல்லி அதப் போடாமப் பண்ணுங்க. போயா எண்டு தன்ர வாயாலயே சொல்றா."

"என்ன றஜீவன் நீங்க. விளம்பரத்துக்கு ஆக்கள் அலையிற காலம். நமக்குச் சும்மா கிடைக்குது, விடுங்க."

வீடியோ பரவியது. 'சாடி வைன்' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்து, ஊரெல்லாம் பிள்ளைகள் தேநீர்ச் சாடியும் கையுமாக நின்றார்கள். பரவியது மதுவரி அதிகாரிகளின் போன்வரை போனது. அவர்கள் வந்து அந்த வீடியோவை எங்களுக்கே போட்டுக் காட்டினார்கள். அதிகாரிகளில் ஒருவர் அதற்கு லைக்கும் போட்டிருந்தார். அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தி, வைன் அறைக் கதவில் நூலும் அரக்கும் வைத்துச் சீல் அடித்துவிட்டுப் போனார்கள். பங்குனி முடியும்வரை யாரும் திறக்கக்கூடாது.

அவர்கள் செய்தது அவர்கள் வேலை, அதில் எனக்குக் கோபம் இல்லை. அறைக்குள்ளே குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு அது போதும். ஒவ்வொரு நாளும் காலையில் போய்க் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். குளிரும். நிம்மதியாக வேலைக்குப் போவேன்.

அப்போது உசாந்தியின் வட்டையில் அறுவடை வந்தது. வெட்டு மெஷின் வயலுக்குள் இறங்கும் நேரம் நான் நிற்காவிட்டால் அவள் வீட்டுக்குள் எடுக்கமாட்டாள். ஒரு கிழமை லீவில் போனேன். நெல்லை ஏற்றி முடித்து, உடம்பெல்லாம் சுணையோடு திரும்பி வந்து நேராக அந்தக் கதவுக்குப் போனேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் போல் கதவு சுட்டது.

"ஓம், நான்தான் நிப்பாட்டினன்," என்றார் பிரதீஸ். "பூட்டிச் சீல் வச்ச அறைக்கு என்னத்துக்குக் கரண்ட்?"

"உள்ளுக்குள்ள வைன் இரிக்கு."

"வைன் பழசானா நல்லது எண்டு நீங்கதானே எந்த நாளும் சொல்ற."

பழசாவதற்கும் வேகுவதற்கும் வித்தியாசம் தெரியாத ஒரு மனிதனிடம் இத்தனை வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். நானே போய் வெளியே இருந்த கரண்ட் ஆளியைப் போட்டேன். பிறகும் சீல் உடைக்கிற நாள்வரை மனது கேட்கவில்லை. ஒருவேளை தப்பியிருக்கும், ஒருவேளை அடித்தட்டுப் பெட்டிகளாவது தப்பியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்றும் தப்பவில்லை. கதவைத் திறந்ததும் புளித்த சீனிப்பாகு மணம் வந்தது. கோர்க்குகள் மேலே தள்ளியிருந்தன, சிலவற்றின் கழுத்து வழியே வைன் வடிந்து ஒட்டிக் காய்ந்திருந்தது. பெட்டிக்கு ஒன்றாகத் திறந்து வாயில் வைத்தேன். அவித்து ஆறிய அப்பிள் போல ஒரு சுவை, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. புளிப்பு இல்லை, இனிப்பு சப்பென்று கிடந்தது. அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

விருந்தை நிறுத்துங்கள் என்றேன். ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது, முதலாளியும் வருகிறார், நிறுத்த முடியாது என்றார் பிரதீஸ். யோசனை கேட்டுத் தக்சிகாவுக்கே போன் எடுத்தார். போனை மேசையில் வைத்திருந்ததால் அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

"ஐஸும் கொச்சிக்காயும் போட்டுக் குடுங்க சேர். அது போட்டா வைன் நல்லமா கூடாதா எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இப்பவும் அது நல்லா ஓடுது."

அவள் சொன்னது சரி. எனக்கு ஆத்திரமே அதுதான்.

விருந்தன்று மேசை மேசையாக நண்டு வந்தது. கேதீஸ்வரி அக்கா தன் பங்கில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஒவ்வொரு நண்டுத் தட்டுக்குப் பக்கத்திலும், நான் பொறுக்கி எடுத்த நீளக்கால் கிளாசுக்குள், ஐஸ் கட்டிகளுக்கு நடுவே பச்சைக் கொச்சிக்காய் வட்டங்கள் மிதந்தன. எல்லாரும் குடித்து, இருமி, கண்ணீர் துடைத்து, அருமை என்றார்கள். விருந்துக்கும் வந்திருந்த தக்சிகா போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இவர்தான் எங்க வைன் எக்ஸ்பேர்ட். அங்கிள், எப்படி இருக்கு, சொல்லுங்க."

அந்த மேசையில் சொல்வதற்கென்று மாதக் கணக்கில் நான் வைத்திருந்த வார்த்தைகள் வேறு. வந்தது வேறு.

"இது வைன் இல்ல, பொணம்," என்றேன். "சூட்டில செத்த பொணம். மணக்காம இரிக்கத்தான் கொச்சிக்காய் போட்டிரிக்கு. நீங்க எல்லாரும் பொணத்தக் குடிச்சுப்போட்டுக் கை தட்டுறீங்க. இந்த நண்டு உங்கட வாய்க்குள்ள போக என்ன பாவம் செய்ததோ தெரியா. நாக்கு எண்டு ஒண்டு உங்களுக்கு இரிக்கா? இரிந்தா அத எடுத்து அந்த ஐஸுக்குள்ள போடுங்க, மிதக்குதா எண்டு பாப்பம்."

வேலை போய்விட்டது என்று நினைத்தேன், போகட்டும் என்றும் நினைத்தேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி எழுந்து நின்று கை தட்டினார்.

மறுநாள் நான் 'கோவக்கார வைன் அங்கிள்' ஆகியிருந்தேன். சித்திரை முழுக்க ஆட்கள் வந்தார்கள். கொச்சிக்காய் வைன் கேட்டார்கள், போனை நீட்டினார்கள், ஏசச் சொன்னார்கள். நான் உண்மையாகவே ஏசினேன், அவர்கள் உண்மையாகவே சிரித்தார்கள். முகத்துக்கு நேரே மடையன் என்றால் நன்றி அங்கிள் என்கிற ஒரு கூட்டத்தை என்ன செய்வது? முதலாளி எனக்கு ஒரு கறுப்புக் கோட்டுத் தைத்துத் தந்தார். ரீஸ்லிங் திரும்ப இறக்குவோமா என்று கேட்டதற்கு, "மலிவான வெள்ளை ஒண்டு போதும் றஜீவன். அவங்க வாறது வைனுக்கில்ல, உங்கட வாய்க்கு," என்றார். ஊரில் சாமித்தம்பி என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். உசாந்தி மட்டும், "இவ்வளவு நாளும் எங்களுக்குச் சும்மா ஏசியிரிக்கீங்க," என்றாள்.

ஆவணியில் ஒரு நாள் மத்தியானம், கேதீஸ்வரி அக்கா குசினிக்குள் கூப்பிட்டுத் துணியில் சுற்றிய ஒரு போத்தலைத் தந்தார். அன்று மிஞ்சிய மாதிரிப் போத்தல். அந்தச் சூட்டில் எல்லாம் அது குசினிக் குளிர்பெட்டிக்குள், தேங்காய்ப்பாலுக்குப் பின்னால் பத்திரமாக இருந்திருக்கிறது.

"இத நீங்களும் நானும் குடிக்கப்படாது," என்றார். "ஆருக்காவது குடுங்க தம்பி. நண்டு காய்ச்சித்தாறன்."

வெளியே மட்டக்களப்பு நகரத்தில் இருந்து வந்த ஓர் இளம் சோடி உட்கார்ந்திருந்தது. நல்ல முகங்கள். அவர்கள் முன்னால் நண்டை வைத்து, சுத்தமான இரண்டு கிளாஸில் அந்த ரீஸ்லிங்கை ஊற்றினேன். ஐஸ் இல்லை, கொச்சிக்காய் இல்லை. போத்தல் கழுத்தில் மணத்தைப் பிடித்துப் பார்த்தேன். உயிரோடு இருந்தது. அந்தப் பெண்பிள்ளை போனை உயர்த்தியதும், எனக்குக் கோபமே வரவில்லை. மெதுவாகச் சொன்னேன்: முதலில் நண்டில் ஒரு வாய், பிறகு இதில் ஒரு மிடறு, பிறகு மறுபடியும் நண்டு, அப்போது நண்டு இனிக்கும் பாருங்கள் என்று. இந்த வாவியில் இருந்து வந்த நண்டு, எங்கேயோ ஒரு குளிர் ஆற்றங்கரையில் இருந்து வந்த வைன், இரண்டும் ஒன்றை ஒன்று முன்பே தெரிந்த மாதிரி இருக்கும் என்று. எத்தனையோ மாதமாக நான் சொல்லக் காத்திருந்தது அதுதான். குசினிக் கதவில் அக்கா வந்து நிற்பதும் தெரிந்தது.

பிள்ளை போனைக் கீழே இறக்கினாள். பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கி, மரியாதையாகவே கேட்டாள்.

"அங்கிள், கொஞ்சம் ஏசுங்களேன்."

நான் கோட்டைச் சரிசெய்துகொண்டேன். ஏசினேன், வழக்கத்தைவிட நன்றாகவே ஏசினேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்து, வீடியோவைப் போட்டுவிட்டு, நண்டைத் தின்று எழும்பிப் போனார்கள். ஊற்றிய கிளாஸ் இரண்டும் ஊற்றியபடியே இருந்தன. நான் திரும்பிப் பார்த்தபோது குசினிக் கதவு சாத்தியிருந்தது.