கீழ்வீட்டுத் தட்டல்

அந்த வீட்டில் குதிப்பது பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எவரும் போட்ட சட்டமல்ல அது. மருமகளின் முதல் கரு கலைந்த வாரத்தில் தானாக வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டது. தொலைக்காட்சியில் உயரம் தாண்டுதல் வந்தால் மாமனார் செய்திக்கு மாற்றிவிடுவார். கயிறு தாண்டும் வகுப்பு நடத்திவந்த மருமகளை வாய் நிறைய 'ஸ்பிரிங்கு' என்று அழைத்தவர், இப்போது வெறும் 'அம்மா'வோடு நிறுத்திக்கொண்டார். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய கயிற்றின்மேல் மாமியார் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார். முன்பெல்லாம் மருமகள் கூடத்தில் பயிற்சியைத் தொடங்கியதும், கீழ்வீட்டுத் தையல்காரம்மா துடைப்பக் கட்டையால் தன் கூரையைத் தட்டுவார். "உன் பக்கவாத்தியம் வந்தாச்சு" என்று மாமனார் சிரிப்பார். அந்தத் தட்டலும் நின்றுபோயிற்று.

அவளை யாரும் குறை சொல்லவில்லை. கணவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதையே அவள் மன்னிப்பென்று எடுத்துக்கொண்டாள். கரு தங்கியிருப்பது தெரியாமல் காலைதோறும் குதித்து, தன் காலாலேயே தன் வயிற்றில் அடித்துக்கொண்டவள் என்றுதான் அவள் தன்னை அறிந்திருந்தாள். வகுப்பை விட்டாள். மாடிப்படியில்கூடப் பூனைபோல் இறங்கினாள்.

இரண்டாம் முறை கருவுற்று, கணவனோடு டாக்டரம்மாவின் எதிரில் உட்கார்ந்திருந்தபோது, அவராகவே கேட்டார்: "எக்சர்சைஸ் எல்லாம் எப்படிப் போகுது?"

"அதெல்லாம் விட்டுட்டேன் டாக்டர். ஒரு தடவை பட்டதே போதும்."

டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார். "என்ன பட்டீங்க? அது கருவுலயே இருந்த கோளாறும்மா. டெஸ்ட்ல தெளிவா வந்துச்சு. நீங்க குதிச்சதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ரிசல்ட் வாங்க வந்த சார்கிட்ட விளக்கமா சொல்லி அனுப்பினேனே."

அவள் திரும்பினாள். கணவன் சுவரிலிருந்த குழந்தைப் படத்தை, அப்போதுதான் முதல்முறை பார்ப்பவனைப்போல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களது பழகின உடம்பு, இப்போ ஒரு சிக்கலும் இல்ல" என்று டாக்டரம்மா தொடர்ந்தார். "நடங்க, லேசா ஓடுங்க, கொஞ்சமா குதிக்கக்கூடச் செய்யலாம். வயிறு பெருசாக ஆகக் குறைச்சுக்கணும். ரத்தம் பட்டாலோ, வலி, தலைசுத்தல் வந்தாலோ நிறுத்திட்டு நேரா இங்க வரணும். எல்லாருக்கும் இதையே சொல்ல மாட்டேன், உங்களைப் பார்த்துச் சொல்றேன்."

சொற்கள் காதருகே வந்து நின்றன; உள்ளே போகவில்லை.

வண்டியில் ஏறியதும் அவள் கேட்டாள். "ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு. நீ அதை விட்டுட்டா அடுத்தது நல்லபடியா நிக்கும்னு நினைச்சேன்." அவன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்தான். "ஆனா உன்னை நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?"

"சொல்லல. அந்த ஒரு வார்த்தையத்தான் நீங்க சொல்லல."

இத்தனை நாளும் மன்னிப்பென்று அவள் போர்த்திக்கொண்டிருந்த துணி, அவளிடமிருந்தே திருடப்பட்டதாக இருந்தது.

வீட்டில் மாமியார் தண்ணீரோடு எதிரே வந்தார். "டாக்டர் என்ன சொன்னாங்க? பாத்து, மெதுவா உட்காரு."

அவள் உட்காரவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்த துண்டை எடுத்து, மடித்து, கணவன் கையில் கொடுத்தாள். கயிற்றின் நடுவை மிதித்துப் பிடிகளை மேலே இழுத்துப் பார்த்தாள். பழைய அளவுதான், அக்குள்வரை சரியாக வந்தது.

"அத்தை, நான் குதிச்சதால அது போகல. உங்க பிள்ளைக்கு அப்பவே தெரியும்."

மாமியாரின் கையில் தம்ளர் அப்படியே நின்றது. "என்னடா சொல்றா இவ?"

அவன் துண்டைப் பார்த்தான். மாமனார் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

அவள் கயிற்றைச் சுழற்றி, விரல்நுனியில் ஒரே ஒரு முறை குதித்தாள். கயிறு தரையில் அறைந்தது. அலமாரித் தட்டுகள் சிணுங்கி அடங்கின.

கீழேயிருந்து, வெகுநேரம் தயங்கிய கைபோல, துடைப்பக் கட்டை ஒரு தரம் தட்டியது.