கம்பித் தையல்

என் கணவர் றிஸான் திரும்பவும் டோஹாவுக்குப் போகாமலிருக்க எங்களிடம் இருந்த ஒரே வழி அந்தக் கயாக் படகுதான்.

வாவிக்கரையில் விடுதி நடத்தும் உதயரூபன், வருகிற வெள்ளைக்காரர்கள் துடுப்புப் போட மரத்தால் செய்த நான்கு கயாக் வேண்டும் என்றிருந்தார். "முதல் ஒண்டச் செய்து காட்டுங்க தம்பி. நேரா ஓடினா மற்றதும் உங்களுக்குத்தான்." என் கணவரோ டோஹாவில் ஒன்பது வருடம் கதவும் அலுமாரியும் செய்தவர். படகு செய்ததில்லை. புது விசா வந்துவிட்டது. ஏஜென்ட் இரண்டு முறை அழைத்துவிட்டார்.

முதன்முறை செய்பவர்களுக்கான வீடியோ ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்து, விளங்கிய மட்டும் எனக்குச் சொல்வார். பிளைவூட் பலகைகளின் ஓரத்தில் துளையிட்டு, செப்புக் கம்பியால் தைத்து, பிறகு மூட்டுகளில் பசை பூச வேண்டும். தையல் என்றதும் அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். நான் ஊர்ப் பெண்களுக்கு அபாயா தைப்பவள்.

மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு ஸைனம்பு மாமி எட்டிப் பார்த்தார். பாதி செய்த படகு அவருக்குப் பிணப்பெட்டி போலத் தெரிந்திருக்கிறது.

"என்னகா ஸகியா, சந்தூக்கா செய்றான் உன்ட மாப்பிள்ள? ஆரு மௌத்து?"

"தோணி மாமி, வெள்ளக்காரன்ட தோணி."

"இதுக்குள்ள ஒரு வெள்ளக்காரன்ட காலும் போகாதே!"

அவர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். அந்த ஒரு கிழமையும் நாங்கள் நன்றாகவே சிரித்தோம். மணமுடித்துப் பதினொரு வருடத்தில் இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்தது அப்போதுதான்.

கம்பியைத் தளர்வாக விட வேண்டும், எல்லாத் துளையும் தைத்து முடிந்த பிறகே கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் படகு கோணிவிடும் என்று இவர் சொல்லியிருந்தார். என் கை கேட்கவில்லை. துணியில் தளர்ந்த தையல் என்றால் எனக்கு வெட்கம். ஒவ்வொரு கம்பியையும் தைத்த உடனேயே குறட்டால் முறுக்கி இறுக்கினேன். இடப்பக்கம் முழுவதும் அப்படித்தான்.

பசை பூசும் நாள் வேலைகளெல்லாம் பிந்தி, வெயில் ஏறிவிட்டது. கொழும்பிலிருந்து எடுப்பித்த பசை ஒரு படகுக்குத்தான் காணும். அதன் இரண்டு பாகங்களையும் கலந்தால் சூடேறிச் சீக்கிரம் இறுகிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். இவர் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே கோப்பையில் கலக்கிவிட்டார். அதன் பிறகுதான் கோணல் பார்க்க மறந்தது நினைவுக்கு வந்தது. படகின் முன்னுக்கும் பின்னுக்கும் குறுக்காக ஒவ்வொரு சட்டம் வைத்து, ஒரு முனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்து நின்றால் படகு நேர்.

"பாரு புள்ள, கெதியா. சரியா இரிக்கா?"

குனிந்து பார்த்தேன். பின் சட்டம் இடப்பக்கம் ஒரு விரல் அளவு தாழ்ந்திருந்தது.

இவர் கையில் கோப்பை சூடாகி, விளிம்பில் இலேசாகப் புகை வந்துகொண்டிருந்தது. கம்பிகளை அவிழ்த்துத் திரும்பத் தைக்க அரை நாள் வேண்டும். பசைக்குக் கால் மணி நேரம்கூட இல்லை. சொன்னால் என்ன நடக்கும், சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்தேனா? இல்லை. இவருடைய முகத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"ஓம், சரியா இரிக்கி."

இவர் பூசத் தொடங்கினார். பசை இறுகுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தேன் போல இருந்தது, பிறகு மெழுகு போல, பிறகு விரல் நகம் போல. சொல்லியிருக்கக்கூடிய நேரம் ஒவ்வொரு நிமிடமாகப் போனது. பிறகு சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

மூன்று கிழமை கழித்து மேல்தட்டும் மூடி, வார்னிஷ் பளபளக்க வாவியில் இறக்கினோம். உதயரூபனே ஏறி உட்கார்ந்தார். நான்கு தரம் துடுப்புப் போட்டார். படகு இடப்பக்கம் திரும்பியது. நிமிர்த்திப் போட்டார், திரும்பவும் இடப்பக்கம். கண்டல் பற்றைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு சிரித்தார்.

"தம்பி, இது பழகாத வண்டில் மாடு மாதிரி ஒரு பக்கமாத்தான் இழுக்குது!"

கரைக்கு வந்தபோது அவர் சிரிக்கவில்லை. "வடிவான வேல. ஆனா நீச்சல் தெரியாத சனத்த இதுல ஏத்தேலாது. அடுத்த வருசம் பாப்பம்." என்னைப் பார்த்து, "குறை நினைக்காதீங்க தங்கச்சி" என்றார்.

அவர் போனதும் நாங்கள் முழங்கால் தண்ணீரில் படகின் இரு முனைகளிலும் நின்றோம்.

"அண்டைக்கே கண்டன்," என்றேன். "கோணலா இரிந்திச்சி. நான் இறுக்கினதாலதான். உங்களுக்குப் பொய் சென்னன்."

"நானும் கண்டன்."

"மறுகா ஏன் என்னக் கேட்டீங்க?"

"நீ ஓம் எண்டு செல்லுவாய் எண்டுதான்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு அழ ஒரு வழி கிடைத்திருக்கும்.

இவருடைய தொலைபேசி அடித்தது, ஏஜென்ட்தான். மடித்துக் கட்டிய சாரத்தில் கையைத் துடைத்து எடுத்தார். "ஓம்... ஓம் நாநா. மெடிக்கலுக்குத் திங்கக்கிழம வாறன்." பேசிக்கொண்டே கரையேறி, சத்தம் தெளிவாகக் கேட்கும் இடம் தேடித் தென்னைகளுக்கு அப்பால் நடந்தார்.

காற்று படகைப் பிடித்து இழுத்தது. விட்டால் போய்விடும். தனியாகக் கரைக்குத் தூக்கவும் என்னால் முடியாது. இரண்டு கையாலும் பிடித்தபடி, இவர் பேசி முடியும்வரை நின்றேன்.