மாலை போட்ட அடுப்பு

2009. கார்த்யாயினிக்கு அன்று வைவா, டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. சிதம்பரத்தில் அவள் ஆராய்ச்சி செய்த கல்லூரி அரங்கில் சொந்தபந்தம் முழுக்கத் திரண்டிருந்தது. கணவன் ராஜகணேஷ் லட்டும் மிக்சரும் பொட்டலம் கட்டித் தயாராக வைத்துவிட்டான். பட்டம் வந்தால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம்.

அடியிலிருந்து காற்றை ஊதினால் சூடான மணல் உலைத் தண்ணீராய்க் கொதிக்கும். அதன் நடுவே நிலக்கரி எரியும். அவள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது அப்படிப்பட்ட அடுப்பு. எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு கரி எரியும் என்று சொல்ல அவள் கம்ப்யூட்டரில் ஒரு மாடல் செய்திருந்தாள். காற்றைக் கூட்டினால் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு எரியும் என்றது மாடல். அதை நம்பித் தன் பாய்லரையே மாற்றப்போகிற கடலூர் மில் முதலாளி தில்லைநாதன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

திரையில் அடுப்பின் படம் வந்தது. சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. கூட்டம் சிரித்தது.

"அடடே, கல்யாணப் பொண்ணாட்டம் ஜோடிச்சிருக்கீங்களே! எப்ப எடுத்தது?" என்றார் வெளியூர்த் தேர்வாளர்.

"ஆயுத பூஜை அன்னிக்கு சார். தராசக்கூட பூஜையில வச்சிட்டோம்."

சொல்லிவிட்டு அவள் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா, கழுவிக் கவிழ்த்துப் பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தது. எரியாமல் புகையோடு பறக்கிற கரித்தூள் விழும் டப்பா. அந்தத் தூளை எடைபோட்டு, போட்ட கரியிலிருந்து கழித்தால்தான் எரிந்தது எவ்வளவு என்று தெரியும். பூஜைக்கு முந்தின நாள் காற்றைக் கூட்டி ஓட்டிய சோதனையின் தூள் அதில்தான் இருந்தது. தராசு பூஜைக்குப் போய்விட்டதால் நிறுக்காமல் விட்டிருந்தாள். டப்பாவைக் கழுவியவளும் அவளேதான். பண்டிகை அவசரத்தில் புத்தி எங்கே போயிற்றோ, பாவி! விஜயதசமி கழித்து அவள் எடைபோட்டது, பிறகு குழாயிலிருந்து டப்பாவில் உதிர்ந்த சொச்சத்தை; அதனால்தான் கரி அவ்வளவும் எரிந்ததாகக் கணக்கு வந்தது. மாடலைச் சரிபார்த்ததே அந்தச் சோதனையை வைத்துத்தான்.

வேறு யாரும் கவனிக்கவில்லை. ஆராய்ச்சி வழிகாட்டி சபேசன் சந்தோஷமாகத் தலையாட்டினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பொழுது சாய்வதற்குள் அவள் டாக்டர்.

"பிரமாதம்மா. எனக்குக் கேள்வி ஒண்ணுமில்ல" என்றார் தேர்வாளர்.

தில்லைநாதன் எழுந்தேவிட்டார். "அப்ப திங்கக்கெழமையே வேலைய ஆரம்பிச்சிடுறேம்மா. ஒன் கணக்க நம்பித்தான் எறங்குறேன்."

"வேணாங்க!" என்றாள் அவள். "அந்தக் கணக்கு தப்பு."

டப்பாவைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். சபேசனின் முகம் செத்துப்போயிற்று. ராஜகணேஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப சரியான அளவு என்னம்மா?"

ஆறு வருஷம் அவள் மாரடித்தது இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

"தெரியாது சார்."